தண்ணீரைச் சோதித்தால் போதாதா? ஆமையையும் பறவையையும் எதற்கு எண்ணுகிறீர்கள்?

ஜனவரி 6 – கேள்வி

நான் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு பாட்டில் கடல்நீரைக் கொடுங்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று எண்ணாகவே சொல்லிவிடுவேன். ஆனால் கடலின் நலம் பார்க்கிறோம் என்று ஓங்கிலையும் (டால்பின்) ஆமையையும் பறவையையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். செத்துக் கிடக்கும் விலங்கை வைத்து என்ன தெரிந்துவிடப் போகிறது? அதற்கும் மனிதர்களின் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?

ஜனவரி 6, இரவு – பதில்

பாட்டிலில் இருப்பது அந்த நேரத்துக் கடல், அந்த இடத்துக் கடல். நீரோட்டம் திரும்பினால் மதியம் வேறு தண்ணீர். விலங்கின் உடம்பு அப்படியில்லை. ஒரு கடற்சிங்கம் பத்து வருடமாகத் தின்றதெல்லாம் அதன் கொழுப்பில் கணக்காக நிற்கும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற ஆலை வேதிப்பொருள் போன்றவை தண்ணீரில் கருவிக்கே எட்டாத அளவில் இருக்கலாம். மிதவையுயிரிலிருந்து சின்ன மீன், சின்ன மீனிலிருந்து பெரிய மீன் என்று ஏறி ஏறி, உச்சியில் இருக்கும் விலங்குக்குப் போய்ச் சேரும்போது அது லட்சக்கணக்கான மடங்காகியிருக்கும்.

ஓர் உதாரணம். கலிஃபோர்னியாவுக்கு அருகே அனகாபா என்று ஒரு தீவு. 1970-இல் பழுப்புக் கூழைக்கடாக்கள் அங்கே நூற்றுக்கணக்கில் கூடு கட்டின. பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு. டிடிடியால் முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடைக்கே நொறுங்கிவிட்டது. 1972-இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. பறவைகள் மெல்ல மெல்லத் திரும்பின. 2009-இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆபத்து வந்ததையும் அது விலகியதையும் சொன்னது அதே பறவைதான்.

இன்னொன்று நத்தை. இங்கிலாந்தின் பிளிமத் கடலோரத்தில் பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைப்பதை 1970 வாக்கில் கவனித்தார்கள். கப்பலின் அடியில் ஒட்டுயிர் பிடிக்காமல் இருக்கப் பூசும் பெயின்டில் இருந்த டிரைபியூட்டைல்டின்தான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவே அதற்குப் போதும். அந்தப் பெயின்டை உலக அளவில் தடுக்கும் ஒப்பந்தம் 2001-இல் உருவாகி, நடைமுறைக்கு வர 2008 ஆகிவிட்டது. லிட்டருக்கு ஒரு நானோகிராமை உங்கள் கருவி தேட வேண்டுமானால், முதலில் யாராவது ‘இதைத் தேடு’ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னது நத்தை.

ஜனவரி 7

மனிதர்களோடு என்ன சம்பந்தம் என்ற பாதிக்கு நேற்று பதில் சொல்லவில்லை. ஒரே சொல்லில் சொல்வதானால், மினமாட்டா.

ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவை ஒட்டிய கிராமங்களில் மீன் செத்து மிதந்தது, காக்கைகள் பறக்கும்போதே விழுந்தன, மீன் தின்ற பூனைகள் தள்ளாடிச் சுழன்று கடலில் பாய்ந்து செத்தன. ஊர்க்காரர்கள் அதைப் பூனை ஆட்டம் என்றார்கள். பிறகு குழந்தைகளுக்குக் கைகால் விளங்காமல் போயிற்று. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1 அன்று. சிஸ்ஸோ என்ற வேதிப்பொருள் ஆலை கழிவில் கலந்து விட்ட மெத்தில் பாதரசம்தான் காரணம்.

என்னால் மறக்க முடியாத இடம் இதற்குப் பிறகு வருகிறது. 1959-இல் ஆலை மருத்துவமனையின் மருத்துவர் ஹொசோகாவா, ஆலைக்கழிவை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பரிசோதனை வரிசையில் அது 400-ஆம் பூனை. அதற்கும் அதே நோய் வந்தது. நிறுவனம் அதை வெளியே விடவில்லை. காரணம் இந்த ஆலைதான் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். அந்த ஒன்பது வருடத்தில் அந்த விரிகுடா மீனைச் சாப்பிட்டவர்களை நினைத்துப் பாருங்கள். விலங்குகள் சொல்லிவிட்டன, பரிசோதனையும் உறுதி செய்துவிட்டது. குறுக்கே நின்றது ஆட்கள்தான்.

எப்போதும் விலங்குகள்தான் முதலில் சொல்லும் என்று நான் நம்புவது இதனால்தான்.

ஜனவரி 9

மேலே கடைசி வரியில் இருக்கும் ‘எப்போதும்’ தவறு. இரண்டு நாளாக உறுத்துகிறது, திருத்திவிடுகிறேன்.

1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த சிப்பியைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. இப்போது பேசியதை அடுத்த நிமிடம் கேட்டால் இருக்காது. டோமோயிக் அமிலம் சிப்பி வழியாக மனிதரை வீழ்த்தும் நஞ்சு என்பது அப்போதுதான் தெரிந்தது. சூடோநிட்சியா என்ற நுண்பாசியில் உண்டாவது அது. முதலில் விழுந்தது மனிதர்கள், விலங்குகளிடமிருந்து எச்சரிக்கை எதுவும் முன்னால் வரவில்லை.

ஜனவரி 12

போன குறிப்பையும் முழு உண்மை என்று விட முடியவில்லை. விலங்குகள் முன்பே சொல்லியிருக்கின்றன. படிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

1961 ஆகஸ்ட் 18 அதிகாலை. கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடா வடகரையில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் வீடுகள் மேலும் கம்பங்கள் மேலும் மோதி விழுந்தன, தின்ற நெத்திலியைக் கக்கின. மூடுபனியில் விளக்கு வெளிச்சம் பார்த்துக் குழம்பிவிட்டன என்று விளக்கம் சொல்லி, தெருவைக் கூட்டிவிட்டு எல்லாரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

1991-இல் அதே விரிகுடாவில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் செத்தன. நான்கு வருடத்துக்கு முன் கனடாவில் நடந்தது தெரிந்திருந்ததால் இந்த முறை எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தது. நெத்திலியில் டோமோயிக் அமிலம் இருந்தது. அப்படியானால் 1961? அந்த ஜூலை, ஆகஸ்ட்டில் அந்தக் கடலில் வலை போட்டு அள்ளிய மிதவையுயிரிகளை யாரோ குப்பியில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவற்றின் குடலில் இருந்ததைப் பார்த்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அவை தின்றிருந்த டயாட்டம் பாசிகளில் 79 விழுக்காடு நஞ்சு தரும் சூடோநிட்சியா. விடை ஐம்பது வருடம் குப்பியிலேயே இருந்திருக்கிறது.

அந்தக் குப்பிக்குச் சீட்டு எழுதி ஒட்டியவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என்ன பயன் என்று தெரியாமலே தேதியையும் இடத்தையும் சரியாக எழுதி வைத்த மனிதர்.

தண்ணீரைச் சோதிக்கும் நண்பருக்கு இன்னொன்று. 1998-இல் அதே கரையில் நானூறுக்கும் மேற்பட்ட கடற்சிங்கங்கள் இறந்தன. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும், வலிப்பு வரும், பிறகு விழும். காரணம் இதே அமிலம், நெத்திலி வழியாகத்தான். அதே சமயத்தில் அதே கடலில் எடுத்த சிப்பிகளில் நஞ்சு இல்லவே இல்லை, இருந்தாலும் மிகச் சொற்பம். கண்காணிப்புக்கு என்று வழக்கமாக எடுப்பது சிப்பியைத்தான். அதை மட்டும் பார்த்திருந்தால் கடல் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள்.

ஜனவரி 13

‘அப்படியானால் சிப்பிச் சோதனை வீணா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. சிப்பி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் தண்ணீரை வடிகட்டுவது. அந்த இடத்தின் உலோகக் கலப்பைச் சொல்ல அதைவிட நல்ல உயிர் கிடையாது. அமெரிக்காவில் 1986 முதல் சிப்பியை வைத்தே கரையோரம் முழுக்கக் கண்காணிக்கிறார்கள். ஒரே உயிரை மட்டும் நம்பக் கூடாது என்பதுதான் நான் சொல்வது.

ஜனவரி 18

இதுவரை மற்றவர்கள் கண்டதை எழுதினேன். இனி நான் கண்டது. ஏழு வருடமாக வாரத்தில் இரண்டு விடியல் நாலு கிலோமீட்டர் கரை நடக்கிறேன். கையில் தையல்காரர் நாடா, கையுறை, நோட்டு, ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட்.

பெயின்ட் எதற்கு என்றால், முதல் வருடம் அது இல்லை. ஒரு செவ்வாய் அன்று ஒரு பங்குனி ஆமை கிடந்தது. ஓட்டின் நீளம் 66 சென்டிமீட்டர், இடது முன்துடுப்பின் நுனி இல்லை, கண் குழிந்துவிட்டது. எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை, அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் வடக்கே இன்னொன்று. அதுவும் 66. எழுதினேன். அடுத்த வாரம் மூன்றாவது, ஓடு செதில் செதிலாக உரிந்து கிடந்தது. துடுப்பைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது: இடது முன்துடுப்பின் நுனி இல்லை. கடல் ஏற்றம் தூக்கித் தூக்கி நகர்த்திய ஒரே ஆமையை மூன்று முறை எழுதியிருக்கிறேன். அதற்குள் மாதக் கணக்கு போய்விட்டது, ‘ஆமை இறப்பு உயர்வு’ என்று யாரோ அதை மேற்கோளும் காட்டிவிட்டார்கள். திருத்தம் அனுப்பினேன். திருத்தத்தை யாரும் மேற்கோள் காட்டவில்லை.

அன்றிலிருந்து அளந்து முடித்த உடலின் ஓட்டில் சிவப்புக் கோடு.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு, அது இன்னும் பெரியது. செத்ததில் கரைக்கு வருவது மிகக் கொஞ்சம். மெக்சிகோ வளைகுடாவில் இறக்கும் ஓங்கில், திமிங்கல வகைகளில் உடல் கிடைப்பது சராசரியாக நூற்றுக்கு இரண்டு என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. மற்றவை மூழ்கும், சுறா தின்னும், காற்று வேறு பக்கம் தள்ளும். கரையில் ஒன்றைப் பார்த்தால் ‘ஒன்றுதானே’ என்று சொல்லும் வழக்கம் எனக்கு அதைப் படித்த அன்றோடு போய்விட்டது.

ஜனவரி 19

நேற்று எழுதாமல் விட்டது: எண்ணிக்கை ஏறினால் சாவு ஏறியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நடப்பவர்கள் கூடியிருக்கலாம், கையில் போன் வந்திருக்கலாம், காற்று கரையை நோக்கி வீசியிருக்கலாம். அதனால்தான் எத்தனை உடல் என்பதோடு எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்பதையும் எழுத வேண்டும். வகுக்க ஓர் எண் இல்லாவிட்டால் வெறும் எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

ஜனவரி 25

ஒன்பது பறவைகள் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு ஒரே வாரத்தில் ஒன்பது ஆலாக்கள். காயம் இல்லை, இறகில் எண்ணெய் இல்லை. இரண்டு நான் போகும்போது உயிரோடு இருந்தன. ஒன்று கழுத்தை நேராக நிறுத்த முடியாமல் மணலில் அலகை ஊன்றி ஊன்றி நின்றது. கைக்குள் எடுத்தபோது உடம்பு முழுக்க ஒரே சீரான நடுக்கம், போன் அதிர்வது போல. கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

நஞ்சைத் தேட வேண்டுமானால் உடல் புதிதாக இருக்க வேண்டும். வயிற்றில் இருப்பது, எச்சம், ஈரல் எல்லாவற்றையும் உடனே உறையவைக்க வேண்டும். டோமோயிக் அமிலம் போன்றவை உயிரோடு இருக்கும்போதே உடம்பிலிருந்து வேகமாக வெளியேறிவிடும், நாள் கடந்தால் மிஞ்சிய தடமும் போய்விடும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்று மதியமே உரிய அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன், அனுப்ப உத்தரவு வரவில்லை என்றார்கள். ஒரு மாதம் கழித்துப் போனபோது உறைபெட்டியே வேலை செய்யவில்லை. உள்ளே இருந்ததை எடுத்துப் புதைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

யாரும் கெட்ட மனதோடு செய்யவில்லை. யாருடைய வேலை என்று எழுதி வைக்கப்படாத வேலை அது. ஆனால் அந்தப் பறவைகள் எதனால் செத்தன என்பது இனி யாருக்கும் தெரியாது. அதே மீனை அந்த வாரம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதும்.

என் பங்குக் குறையும் ஒன்று உண்டு. ‘ஒரு வாரத்தில் ஒன்பது அதிகமா?’ என்று அந்த அலுவலர் கேட்டார். சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அதுவரை எதுவும் கிடைக்காத நாள்களில் நான் நோட்டையே திறந்ததில்லை.

ஜனவரி 31

எண் வேண்டும் என்று கேட்டவருக்கு ஓர் அழகான எண். ஐரோப்பாவின் வட கடலில் ஃபுல்மர் என்ற பறவை கடல் மேலேயே இரை தேடும், கிடைத்ததை விழுங்கும். கரையில் செத்துக் கிடப்பவற்றின் வயிற்றைத் திறந்து உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை எடை போடுகிறார்கள். 0.1 கிராமுக்கு மேல் பிளாஸ்டிக் உள்ள பறவைகள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும், இதுதான் அந்தக் கடலைச் சுற்றிய நாடுகள் வைத்துக்கொண்ட இலக்கு. ஒரு கடலின் சுத்தத்துக்குப் பறவை வயிற்றை அளவுகோலாக வைத்து, அதை அரசுகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

பிப்ரவரி 2

கடல் நோய் என்றால் கடலிலேயே தேடுகிறோம். கலிஃபோர்னியாவில் கடல் நீர்நாய்கள் மூளை அழற்சியில் செத்ததற்கு ஒரு பெரிய காரணம் டாக்ஸோபிளாஸ்மா. அந்த ஒட்டுண்ணியின் முட்டை போன்ற உறைகள் உண்டாவது பூனையின் குடலில். பூனை மலம் மழையில் கரைந்து, கால்வாய் வழியாகக் கடலுக்குப் போய், நீர்நாய் தின்னும் இரைக்குள் ஏறுகிறது. நன்னீர் அதிகம் வந்து விழும் இடங்களில் வாழும் நீர்நாய்களுக்குத் தொற்று ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2002-இல் காட்டினார்கள். கர்ப்பிணிகளைப் பூனை மலத்தைத் தொடாதீர்கள் என்று மருத்துவர்கள் எச்சரிக்கும் அதே கிருமி.

2010-இல் இன்னொன்று. குறைந்தது 21 நீர்நாய்கள் ஈரல் கெட்டு இறந்திருந்தன. காரணம் மைக்ரோசிஸ்டின், ஏரியில் பச்சையாகப் படரும் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு. ஏரியில் உண்டானது ஆற்றில் இறங்கி, கடற்சிப்பியில் சேர்ந்து, நீர்நாயைக் கொன்றது. அந்த ஏரித் தண்ணீரைத் தொடும் மனிதர்களுக்கும் அது செய்தி.

பிப்ரவரி 3

எல்லாம் சாவாகவே எழுதுகிறீர்களே என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். நியாயம்தான். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்து வெள்ளைத் திமிங்கலங்களிடம் புற்றுநோய் வேறெந்த இடத்துத் திமிங்கலத்திலும் காணாத அளவுக்கு இருந்தது. 1980-களிலிருந்து கரை ஒதுங்கிய உடல்களை விடாமல் அறுத்துப் பார்த்து வந்ததால் தெரிந்தது. அலுமினிய உருக்காலைகளிலிருந்து வந்த தார்க் கழிவு மேல் சந்தேகம் விழுந்தது. ஆலைத் தொழிலாளர்களிடமும் புற்றுநோய் பதிவாகியிருந்தது. ஆலைகள் முறையை மாற்றின, கழிவு குறைந்தது. பிற்பாடு பிறந்த திமிங்கலங்களில் அந்தப் புற்றுநோய் அரிதாகிவிட்டது. நாற்பது வருடம் ஒரே வேலையைச் செய்தவர்களால்தான் இந்த நல்ல செய்தியையும் சொல்ல முடிந்தது.

பிப்ரவரி 11

கரை ஒதுங்கிய விலங்கைக் கையில் தூக்கி போட்டோ அனுப்பியவருக்கு அவசரமாக: வெறுங்கையால் தூக்காதீர்கள். தயவுசெய்து. 1979-80 குளிர்காலத்தில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையில் சீல்கள் இன்ஃப்ளுவென்சாவில் நூற்றுக்கணக்கில் செத்தன, அவற்றை அறுத்துப் பார்த்தவர்களுக்குக் கண்ணழற்சி வந்தது. இப்போது சுற்றும் ஹெச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி பறவையிலிருந்து பாலூட்டிக்கு ஏறிவிட்டது. 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைச் சீல் குட்டிகள் 17,000-க்கும் மேல் இறந்தன, அந்தப் பருவத்தில் பிறந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே. கையுறை, முகக்கவசம், நாயைக் கட்டிவைத்தல். உயிரோடு இருந்தால் தள்ளி நின்று, தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். மேலே நான் ஆலாவைக் கைக்குள் எடுத்ததாக எழுதியது செய்யக்கூடாத வேலை, அன்று கையுறை இருந்தது என்றாலும்.

பிப்ரவரி 20

யாரோ ‘சுரங்கத்துக் கனாரிக் குருவி’ என்று எழுதியிருக்கிறார்கள். நானும் பல வருடம் அதே உவமையைச் சொல்லி வந்தேன், இப்போது ஒப்பவில்லை. விஷவாயு இருந்தால் முன்கூட்டியே தெரியட்டும் என்று அந்தக் காலச் சுரங்கத் தொழிலாளிகள் கனாரியைக் கூண்டில் கொண்டுபோனார்கள். அது விழுந்தால் அவர்கள் ஓடிவிடலாம். கடலை விட்டு ஓட இடம் ஏது? அதோடு, இந்த விலங்குகள் செத்தால்தான் பயன் என்றும் இல்லை.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தது. மறுவருடம் பராட்டாரியா விரிகுடாவில் ஓங்கில்களை வலையில் பிடித்து, அல்ட்ராசவுண்டில் நுரையீரல் பார்த்து, ரத்தம் எடுத்து, திரும்ப விட்டார்கள். நுரையீரல் நோய் ஐந்து மடங்கு அதிகம். எதோடு ஒப்பிட்டு ஐந்து மடங்கு? ஃப்ளோரிடாவின் சாரசோட்டாவில் 1970 முதல் தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வரும் ஓங்கில்களோடு. விபத்து நடந்த பிறகு ஓடிப்போய்ப் பார்த்திருந்தால் அந்த ‘ஐந்து மடங்கு’ கிடைத்திருக்காது. எண்ணெயைத் துடைக்க இறங்கிய தொழிலாளர்களிடமும் மூச்சுத் தொல்லைகள் பிறகு பதிவாயின. இரண்டு பேரும் மூச்சு விட்டது அதே கடல் மேலே இருந்த காற்றைத்தான்.

மார்ச் 4

கேள்வி கேட்ட நண்பர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய ஆய்வகத்தில் உறைபெட்டியில் ஒரு தட்டு ஒதுக்கித் தருகிறாராம். வருகிற மாதிரியை யார் வாங்குவது, எத்தனை நாளில் சோதிப்பது, யாருக்குச் சொல்வது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். மூன்று வருடமாக நான் அலைந்து முடியாததை அவர் இரண்டு மாதத்தில் முடித்துவிட்டார். அவர் பாட்டிலையும் என் கரையையும் ஒரே தேதியில் எடுப்பது என்று பேசியிருக்கிறோம்.

மார்ச் 9

அவர் நேற்று முதல் முறையாக என்னோடு நடந்தார். வழியெல்லாம் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே வந்தார். முடிவில், ஒன்றும் கிடைக்கவில்லையே, எதை எழுதுவது என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன்: நேரம் 5.40 முதல் 7.15, தூரம் 4 கிலோமீட்டர், காற்று தென்கிழக்கு, ஆமை 0, பறவை 0, ஓங்கில் 0, தண்ணீர் மாதிரி 3. ஆலாக்களுக்குப் பிறகு இந்த மூன்று வருடத்தில் இப்படிப் பூஜ்யம் எழுதிய பக்கங்களே அதிகம். இனி ஒரு வாரத்தில் ஒன்பது கிடைத்தால் அது அதிகமா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியும்.